இத்தா வீட்டுப் பூனை

பூனையை வாசத்தாலேயே விரட்டலாம் என்று றம்லா ராத்தாவின் தலையில் ஏற்றிவிட்டவள் நான்தான். அதை முதலிலேயே ஒப்புக்கொண்டு விடுகிறேன். பிறகு நடந்ததற்கு றிஸானாவின் வாயையும் பூனையின் மூக்கையும் எவ்வளவோ குறை சொல்லலாம், ஆனால் தொடக்கி வைத்தது நான். இருபத்தாறு வருடமாகப் பள்ளிக்கூடத்தில் மனையியல் படிப்பிக்கிறேன். வீட்டை இப்படி வைத்திரு, அப்படி வைத்திரு என்று மற்றவர்களுக்குச் சொல்லியே பழகிய வாய். யாராவது ஒரு குறையைச் சொன்னால் அது சும்மா கிடக்காது.

றம்லா ராத்தா எனக்குப் பக்கத்து வளவு. காத்தான்குடியில் வளவுகள் நெருக்கம், மதில்கள் உயரம். பெண்கள் வீதியில் இறங்காமல் போய்வர மதிலில் ஓர் ஆள் நுழையும் அளவுக்குச் சின்னக் கதவு வைத்திருப்பார்கள். எங்கள் கதவுக்குப் பூட்டு இல்லை. ராத்தாவுக்கு ஐம்பத்தைந்து வயது, எனக்கு ஐம்பத்தொன்று. அக்காவை நாங்கள் ராத்தா என்போம், அண்ணனைக் காக்கா என்போம். என் கல்யாணத்துக்கு எனக்குச் சேலை உடுத்திவிட்டவர் அவர். அவருடைய புருஷன் அசனார் காக்கா வீட்டில் இல்லாத வருடங்களில் மின்குமிழ் மாற்றுவதிலிருந்து பிள்ளைக்குக் காய்ச்சல் வந்து ஆஸ்பத்திரிக்கு ஓடுவது வரைக்கும் அந்தக் கதவு திறந்தே கிடந்தது.

அந்த வருடங்கள் கொஞ்சமல்ல. ராத்தா இருபத்து மூன்று வயதில் கல்யாணம் முடித்தார். ஒன்றரை வருடத்தில் அசனார் காக்கா கட்டாருக்குப் போனார், தண்ணீர் பவுசர் லொறி ஓட்ட. இருபத்து நான்கு வருடம் ஓட்டினார். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை இரண்டு மாத லீவு. கொரோனாவுக்கு முந்தின வருஷம்தான் ஒரேயடியாக ஊருக்கு வந்து சேர்ந்தார். ஒருநாள் குசினியில் இறால் உடைத்துக்கொண்டே ராத்தா கணக்குப் பார்த்தார். முப்பத்தொரு வருடத்துக்கு மேலான கல்யாண வாழ்க்கையில் ஒரே கூரைக்குக் கீழ் இருந்தது ஒன்பதரை வருடம். "என்னகா அஸீமா, நான் கட்டினது மனிசனையா, சூட்கேசையா?" என்று கேட்டுவிட்டுச் சிரித்தார்.

சூட்கேஸ் என்று அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. லீவில் வரும்போது அந்தப் பெட்டியைத் திறந்தால் சவர்க்காரம், அத்தர், பால்மா, புதுக் கம்பளி எல்லாம் சேர்ந்து ஒரு மணம் வரும். மூன்று நாள் வீடு முழுக்க அந்த மணம்தான். அந்த மணத்துக்குள்ளிருந்து ஆளின் மணம் வெளியே வருவதற்குள் லீவு முடிந்துவிடும். கடைசியாக வந்து தங்கிய பிறகுதான் அசனார் காக்காவுக்கு என்று ஒரு மணம் உண்டானது. விடியற்காலை சுபஹ் தொழுதுவிட்டு ஆற்றங்கரைக்குப் போவார். வாவியை நாங்கள் ஆறு என்றுதான் சொல்வோம். தூண்டில் போட்டு நாலு மணலை மீன், அதிர்ஷ்டம் இருந்தால் ஒரு ஒட்டி பிடித்துக்கொண்டு வருவார். சேறு, இறால் இரை, வேர்வை எல்லாம் கலந்த நாற்றத்தோடு விறாந்தையில் கிடக்கும் சாய்மனைக் கதிரையில் சாய்வார். "இந்த ஆத்து நாத்தத்தோட உள்ளுக்கு வராதீங்க" என்று ராத்தா தினமும் ஏசுவது மதிலுக்கு இந்தப் பக்கம் எனக்குக் கேட்கும். அவ்வளவு சந்தோஷமான ஏச்சை நான் கேட்டதில்லை.

பூனையும் ஆற்றங்கரையிலிருந்துதான் வந்தது. நாட்டில் எதுவும் கிடைக்காமல் எல்லாவற்றுக்கும் வரிசையில் நின்றோமே, அந்த வருஷம், மீன் வாளிக்குள் ஒரு வெள்ளைக் குட்டியைப் போட்டுக்கொண்டு வந்தார். அன்றைக்கு வீட்டில் தேத்தண்ணீருக்குச் சீனி இல்லை. "இந்தா, சீனி கொண்டு வந்திரிக்கன்" என்று ராத்தாவின் கையில் கொடுத்தாராம். பெயர் அப்படியே நின்றுவிட்டது. பெட்டைப் பூனை. கட்டுப்பாடான பூனை. வளவு மூலையில் மண்ணைத் தோண்டிப் போய், மூடிவிட்டு வரும். மூன்று வருடத்தில் வீட்டுக்குள் ஒரு துளி விட்டதில்லை.

சென்ற வருடம் ஒரு காலையில் அசனார் காக்கா ஆற்றங்கரையால் வந்து, நெஞ்சுக்குள் ஒரு மாதிரி இருக்கிறது என்று கதிரையில் சாய்ந்தார். மத்தியானம் லுஹருக்குப் பாங்கு சொல்லும்போது மௌத்தாகிவிட்டார். பின்னேரம் அஸருக்குப் பிறகு அடக்கினார்கள். ராத்தா இத்தாவில் இருந்தார்.

புருஷனை இழந்த பெண் எங்களில் நாலு மாதமும் பத்து நாளும் இத்தா இருப்பாள். வீட்டை விட்டு வெளியே போவதில்லை. வெள்ளை உடுப்பு. பவுடர், அத்தர், வாசனை எண்ணெய், பூ ஒன்றும் கிடையாது. பின்னேரம் அந்த வீட்டில் சாம்பிராணி போடுவது ராத்தாவின் வழக்கம். அதையும் நிறுத்திவிட்டார். மகள் றிஸ்லா தன் பங்குக்கு விறாந்தையைக் கழுவினாள். சாய்மனைக் கதிரையின் துணியைக் கழற்றித் தோய்த்து, கதிரையை உள்ளே எடுத்து வைத்தாள். தலையணைகளை வெயிலில் போட்டாள். வாப்பாவின் சேட்டுகளையும் சாரன்களையும் தோய்த்து மடித்து ஏழைகளுக்குக் கொடுத்தாள். ஒரு பிள்ளை செய்ய வேண்டியதைத்தான் செய்தாள், அவளை ஒரு சொல் சொல்ல முடியாது.

மூன்றாம் கிழமை சீனி விறாந்தையில், கதிரை கிடந்த இடத்தில், மூத்திரம் பெய்தது.

கழுவினார்கள். அடுத்த நாளும் அதே இடம். பிறகு ஹோலில் கட்டிலின் காலடி. பிறகு றிஸ்லாவின் அறை வாசலில் கிடந்த கால்மிதி. பூனை நஜீஸ் இல்லை, மடியிலும் வைத்துக்கொள்ளலாம். அதன் மூத்திரம் நஜீஸ், பட்ட இடத்தைக் கழுவாமல் தொழ முடியாது. மருமகன் ரிஸ்கான் வேலைக்குப் போகுமுன் வாளியும் தும்புத்தடியுமாக நிற்க வேண்டியதாயிற்று. அவன் பொறுமைசாலி. றிஸ்லாவால்தான் முடியவில்லை. அவளுக்கு ஆறு மாதம். தலைப்பிள்ளை.

"உம்மா, எனக்கு ஏலா" என்று ஒரு சனிக்கிழமை சொல்லிவிட்டாள். நானும் அங்கேதான் இருந்தேன். "எழும்பும்போதே அந்த நாத்தத்தோடதான் எழும்புறன். திண்ட சோறெல்லாம் வெளியில வருகுது. வாற வெள்ளிக்கிழமை வரைக்கும் பாப்பன். மறுகா இவர் கொண்டு போய் மீன் சந்தையில விட்டுட்டு வரட்டும்."

ராத்தாவால் மறுக்க முடியாது. எங்களூரில் வீடு பெண்ணுடையது. ராத்தாவுக்கு அவருடைய உம்மா கொடுத்த வீடு அது. றிஸ்லாவின் கல்யாணத்தோடு அதை அவள் பெயருக்கு எழுதிவிட்டு, ராத்தாவும் அசனார் காக்காவும் பின்னால் ஓர் அறையும் சின்னக் குசினியும் கட்டிக்கொண்டு ஒதுங்கினார்கள். சொந்த மகள்தான், கண்ணாகத்தான் பார்க்கிறாள். ஆனாலும் விறாந்தை யாருடையது என்பது ராத்தாவுக்குத் தெரியும். பூனையைக் கொண்டுபோய் விட்டால் தேடிப் போகவும் அவரால் முடியாது. படலையைத் தாண்ட முடியாதவர் மீன் சந்தைக்கு எப்படிப் போவது?

பின் அறைக்கு வந்து உட்கார்ந்தார். "அவர் கையால வளத்த உசிர் இது ஒண்டுதான்கா இப்ப இந்த வீட்டுல சுத்தித் திரியிது" என்றார். றிஸ்லாவை வளர்த்தது ராத்தா தனியாகத்தானே. அசனார் காக்கா பாலூற்றி, முள்ளெடுத்துச் சோறு பிசைந்து, கூடவே இருந்து வளர்த்தது இந்தப் பூனையை மட்டும்தான். துக்கத்தைக் கண்டால் நான் ஏதாவது ஆலோசனை சொல்வேன், அதுதான் என் பழக்கம்.

"இதுக்கா முழிக்கிறீங்க ராத்தா? பூனைக்குப் பிடிக்காத மணம் எத்தனையோ இரிக்கி. அதுகள வச்சா அந்தப் பக்கம் எட்டியும் பாக்காது."

"அடிக்காம, நோகாம செய்யலாமாகா?"

"ஒரு நோவும் இல்ல. நாளைக்கே செய்து காட்டுறன்."

ஞாயிறு காலை வினாகிரியும் தண்ணீரும் சரிபாதி கலந்து விறாந்தையைத் துடைத்தேன். பழைய மூத்திர நாற்றம் கொஞ்சம் மிஞ்சினாலும் பூனை திரும்ப அதே இடத்துக்கு வரும், சவர்க்காரம் அதை எடுக்காது, வினாகிரி எடுக்கும். பிறகு தோடம்பழத் தோலையும் தேசிக்காய்த் தோலையும் கசக்கி மூலைகளில் போட்டேன். கடைகளில் மணத்துக்கென்று விற்கும் எண்ணெய்களை மட்டும் தொடவில்லை. காலில் ஒட்டியதைப் பூனை நக்கினால் அதன் ஈரல் கெட்டுப்போகும் என்று படித்திருந்தேன். சீனி வந்தது. மோந்தது. முகத்தைச் சுளித்துக்கொண்டு திரும்பிப் போனது. நான் றிஸ்லாவைப் பார்த்த பார்வையை இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

விறாந்தை தப்பியது. திங்கள் ஹோல் நனைந்தது. ஹோலுக்கும் தோல் போட்டேன். தோல் ஒரு நாளில் காய்ந்து மணம் போய்விடும், புதிது புதிதாக வேண்டும். என் வீட்டில் எல்லோருக்கும் தோடம்பழம் தின்றே வாய் புளித்துவிட்டது. செவ்வாய் வடித்த கோப்பித்தூளைப் பீரிசுகளில் வைத்தேன். இருட்டில் எழும்பிய ரிஸ்கான் ஒன்றில் மிதித்து, தொழுகைக்கு ஒழுச் செய்யும் இடம் வரைக்கும் வெள்ளைத் தரையில் கறுப்புக் காலடி பதித்துவிட்டுப் போனான். பாவம், தொழுதுவிட்டு வந்து தானே துடைத்தான். சீனி ஹோலை விட்டது. அன்று இரவே றிஸ்லாவின் அறை வாசலை நனைத்தது. ஓர் இடத்தில் மணம் வைத்தால் அது அடுத்த இடத்துக்கு நகர்ந்தது, வீட்டின் முன்னாலிருந்து பின்னால், பின்னால் என்று. நான் அதை வெற்றி என்றே நினைத்துக்கொண்டிருந்தேன்.

புதன்கிழமை செய்ததுதான் பெரிய பிழை. தோலாக வைப்பதை விட்டு, அவித்து வடித்துத் தெளிப்போம் என்று தோன்றியது. ராத்தாவின் குசினியில் பெரிய பானையை ஏற்றி, தோடம்பழத் தோல், கறுவாப் பட்டை, கராம்பு, ஒரு பிடி சேரைப் புல் எல்லாம் போட்டுக் கொதிக்க விட்டேன். அரை மணி நேரத்தில் மணம் மதில் தாண்டி, ஒழுங்கை தாண்டி, சந்தி வரைக்கும் போயிருக்கிறது. கறுவாவும் கராம்பும் பெரிய பானையில் கொதித்தால் எங்களூர் மூக்குக்கு அது ஒன்றுதான், கல்யாண வீட்டு நெய்ச்சோறு.

றிஸானா வந்தாள். அசனார் காக்காவின் தங்கை, மூன்றாம் வீடு. செருப்பைக் கழற்றுமுன்னமே தொடங்கிவிட்டாள்.

"எங்கட காக்கா மௌத்தாகி இன்னும் ரெண்டு மாசம் முடியல்ல. இத்தா வீட்டுல நெய்ச்சோறா ஆக்குறீங்க மதினி?"

"நெய்ச்சோறு இல்ல, இது பூனைக்கு" என்றேன் நான்.

"பூனைக்கு நெய்ச்சோறா?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்திருக்கக் கூடாது. றிஸானாவின் முகம் கறுத்தது. பானையை எட்டிப் பார்த்தாள், மூலையில் கிடந்த தோலைப் பார்த்தாள். "என்னவோ ஒரு மணம். மணம் மணம்தானே? இத்தாவில இரிக்கிற பொம்பளைட வீட்டுல மணம் வீசுதெண்டு சந்தியில நிக்கிறவனுக்கும் தெரிஞ்சு போச்சி. எனக்கிட்ட ரெண்டு பேர் கேட்டுட்டாங்க." சொல்லச் சொல்ல அவளுக்கே அழுகை வந்துவிட்டது. கூடப் பிறந்தவன் போன துக்கம் அவளுக்கும் இருக்கிறது, அதை நான் பிறகுதான் யோசித்தேன்.

அவள் போன பிறகு நான் சும்மா இருப்பேனா? பெண்களுக்கு மார்க்கம் படிப்பிக்கும் ஒரு மௌலவியாவுக்கு அங்கேயே நின்று ஃபோன் எடுத்தேன். அவர் முழுதும் கேட்டார். "மேலிலயும் உடுப்பிலயும் பூசுற வாசத்தத்தான் விடச்சொல்லியிருக்கு. நாத்தத்தப் போக்க வீட்டக் கழுவுறதுக்குத் தடை இல்ல. பானைய மட்டும் கொஞ்சம் சின்னதா வச்சிருக்கலாம்" என்று சிரித்தார். அப்படியே ராத்தாவிடம் சொன்னேன். அவர் அதற்குள் பானையைக் குசினிக் கானில் கவிழ்த்துவிட்டிருந்தார்.

"சட்டம் சரியா இரிக்கும்கா. எனக்கு வேணாம்" என்றார். "அவருக்கு நான் செய்யிறதுக்கு இனி இது ஒண்டுதானே கிடக்கு. நாலு மாசம் பத்து நாள். இத ஒரு சொல் வராம முடிச்சிப் போடணும்." பிறகு எழுந்து போய் ஹோல் மூலைகளில் கிடந்த தோல்களை ஒவ்வொன்றாகப் பொறுக்கினார்.

இனி என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை. எனக்குத் தெரியவில்லை என்று நான் சொல்வது அபூர்வம். இன்னும் இரண்டு நாள்தான் இருந்தது.

வியாழக்கிழமை பள்ளிக்கூடம் விட்டு வந்து, அஸர் தொழுதுவிட்டு மதில் கதவால் போனேன். ராத்தாவின் அறைக் கதவு பாதி சாத்தியிருந்தது. கூப்பிடாமல் தள்ளினேன், அது நாங்கள் இரண்டு பேரும் முப்பது வருடமாகச் செய்வது. ராத்தா கட்டிலுக்குக் கீழே தரையில் உட்கார்ந்திருந்தார். மடியில் ஒரு பொலித்தீன் பை வாய் திறந்து கிடந்தது. அதற்குள்ளிருந்து ஒரு நீலக் கோட்டுச் சாரன் பாதி வெளியே வந்திருந்தது. சீனி பைக்குள் தலையை நுழைத்தபடி அதன் மேல் படுத்து நித்திரை.

ராத்தா என்னைப் பார்த்ததும் பையை மூடப் போனார். பூனை படுத்திருந்ததால் மூட முடியவில்லை. களவு பிடிபட்ட பிள்ளை போல விழித்தார்.

கடைசி நாள் காலையில் ஆற்றங்கரைக்கு உடுத்துக்கொண்டு போன சாரன் அது. றிஸ்லா உடுப்புகளை அள்ளும்போது இதை மட்டும் எடுத்து ஒளித்து வைத்திருக்கிறார். மணம் போய்விடக் கூடாது என்று மூன்று பைக்குள் போட்டு இறுக்கிக் கட்டி, ஒரு நாளைக்கு ஒரு தரம், அஸருக்குப் பிறகு அவிழ்த்து மோந்துவிட்டு உடனே கட்டிவிடுவாராம். அதிகம் திறந்தால் சுறுக்காக முடிந்துவிடும் என்று பயம்.

"இண்டைக்கி அவிழ்க்கக்குள்ள இது வந்திட்டுது" என்றார். "முன்பக்கமெல்லாம் நாம மணம் வச்சி விரட்ட விரட்ட இஞ்சால வந்திரிக்கி. இதுல மூத்திரம் பெஞ்சிரப் போகுதெண்டு எனக்கு ஈரக்கொலை நடுங்கிட்டு. அது என்ன செஞ்ச தெரியுமா? மோந்திச்சி. மோந்து மோந்து, ஒரு சத்தம் போட்டுட்டுப் படுத்திட்டுது. அவர் போன பிறகு இது இப்பிடி உறங்கி நான் பாக்கல்ல."

நான் தரையில் உட்கார்ந்தேன். பூனை பைக்குள் மூச்சு விட்டுக்கொண்டிருந்தது. அப்போதுதான் எனக்கு விளங்கியது, மனையியல் படிப்பிக்கிற இந்த மண்டைக்கு. அசனார் காக்காவின் மணம் ஒரே நாளில் அந்த வீட்டிலிருந்து கழுவித் துடைக்கப்பட்டுவிட்டது. கதிரைத் துணியிலும் இல்லை, தலையணையிலும் இல்லை. அந்தப் பூனை அவர் இருந்த இடமெல்லாம் தேடி, காணாத இடத்தில் தன்னுடைய மணத்தையாவது வைத்துப் பார்த்திருக்கிறது. அந்த இடத்தில் போய் நான் தோடம்பழத்தைக் கசக்கியிருக்கிறேன்.

அதைச் சொன்னேன். ராத்தா குனிந்து பூனையைப் பார்த்தார். பிறகு, "என்னையும் அதுக்குத் தெரியல்லகா" என்றார். "பவுடர் இல்ல, எண்ணெய் இல்ல, சாம்பிராணி இல்ல. முந்தி மடியில வந்து குந்துற பூனை, இப்ப தூர நிண்டு மோந்து பாத்திட்டுப் போகுது. நான்தானா எண்டு அதுக்குச் சந்தேகம்."

இரண்டு பேருடைய மணத்தையும் ஒரே நாளில் இழந்த பூனை. எனக்கு அழுகை வந்தது, அழுதேன். ஆனால் என் வாய் இருக்கிறதே, அழுதுகொண்டே அது வழி சொன்னது. சாரனை விறாந்தையில் கதிரை கிடந்த மூலையில் ஒரு தொட்டியில் போட்டு வையுங்கள், பக்கத்தில் கடற்கரை மண்ணில் ஒரு தட்டு வையுங்கள், அது அங்கே போகும், வேறெங்கும் போகாது.

"அது மட்டும் ஏலாகா."

"ஏன் ராத்தா?"

"வெளியில போட்டா ஒரு கிழமையில போயிரும். பூனை மயிரும் மண்ணும்தான் மிஞ்சும்." சாரனின் ஓரத்தை விரலால் தடவிக்கொண்டிருந்தார். "இருவத்தினாலு வருசம் எனக்கு இந்த மணம் கிடைக்கல்ல. கிடைச்சது ஆறு வருசம். மிச்சம் இந்தப் பைக்குள்ள இரிக்கிறதுதான்."

அதோடு நான் விட்டிருக்க வேண்டும். எனக்குக் கோபம் வந்துவிட்டது, யார் மேல் என்று இன்றும் தெரியாது. "அப்ப துணிய வச்சிக்கிங்க, பூனையச் சந்தைக்கு அனுப்புங்க" என்று சொல்லிவிட்டு எழுந்து வந்துவிட்டேன். இரவெல்லாம் அந்தச் சொல் என்னைக் குத்திக்கொண்டே இருந்தது. ஐம்பது நாளாக ஒரு பையை அவிழ்த்துக் கட்டிக்கொண்டிருந்த மனுஷியிடம் பேசுகிற பேச்சா அது?

வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து, சாப்பாடும் முடிந்தது. மதிலுக்கு அந்தப் பக்கம் ரிஸ்கானின் குரல் கேட்டது. இருக்கப் பொறுக்காமல் கதவால் போனேன். ரிஸ்கான் ஓர் உரப்பையைச் சுருட்டிக் கைக்குள் மறைத்து வைத்துக்கொண்டு பின் வாசலில் நின்றான்.

"மாமி, தூரத்துக்குக் கொண்டு போக மாட்டன். கல்லடிப் பக்கம், மீன் வாடிக்குக் கிட்ட. திங்கிறதுக்குக் குறை இரிக்காது" என்றான். அவன் ராத்தாவின் முகத்தைப் பார்க்கவே இல்லை. பின்னால் றிஸ்லா வயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவளுடைய கண்ணும் சிவந்துதான் இருந்தது.

"கொஞ்சம் பொறுங்க மருமகன்" என்றார் ராத்தா.

உள்ளே போய்ப் பொலித்தீன் பையோடு வந்தார். அவசரமில்லாமல் ஒவ்வொரு முடிச்சாக அவிழ்த்தார். சாரனை எடுத்து, எங்கள் மூன்று பேருக்கும் முன்னால், முகத்தில் வைத்து ஒரு மூச்சு இழுத்தார். ஒன்றுதான். இரண்டாவது மூச்சுக்கு அவர் நிற்கவில்லை. தலைத் துணியை இழுத்து மூடிக்கொண்டு ஹோலைத் தாண்டி விறாந்தைக்கு நடந்தார். இத்தா தொடங்கியதிலிருந்து அவர் விறாந்தைக்கு வந்தது அன்றைக்குத்தான். சாய்மனைக் கதிரை கிடந்த மூலையில் உடுப்புத் தோய்க்கும் பழைய தொட்டியை வைத்து, சாரனை அதற்குள் விரித்தார்.

றிஸ்லாவுக்கு அந்தச் சாரனைத் தெரிந்துவிட்டது. "உம்மா, இத நான் தேடு தேடெண்டு தேடினேன். எங்க வச்சிருந்தீங்க?" என்றாள். அவள் தாயின் முகத்தைப் பார்த்தாள், பிறகு வாயைப் பொத்திக்கொண்டு சுவரில் சாய்ந்துவிட்டாள்.

"மூணு நாள் தாங்க மகள்" என்றார் ராத்தா. "மூணு நாளைக்குப் பிறகும் இது பிழை விட்டா, நானே பைக்குள்ள போட்டுக் குடுக்கிறன்."

ரிஸ்கான் உரப்பையை எடுத்துக்கொண்டு மோட்டார் சைக்கிளில் கடற்கரைக்குப் போய், அது நிறைய மண் அள்ளிக்கொண்டு வந்தான்.

சீனி தொட்டிக்கு வரப் பொழுது பட்டு மஃரிப் ஆகிவிட்டது. வந்து படுத்தது. மண் தட்டுக்கும் தானாகவே போனது. மூன்று நாளில் வீட்டுக்குள் ஓர் இடம் நனையவில்லை. ஐந்து நாளிலும் இல்லை. மண்ணை மாற்றுவது ரிஸ்கானின் வேலை, றிஸ்லாவைத் தொட விடவில்லை. அவள் சோறு தின்னத் தொடங்கினாள். றிஸானா ஒருநாள் வந்து, தொட்டிக்குள் கிடந்த சாரனைக் குனிந்து பார்த்தாள். காக்காவின் சாரன் என்று கண்டுகொண்டாள். வாசத்தைப் பற்றியோ நெய்ச்சோற்றைப் பற்றியோ ஒன்றும் பேசாமல், வந்த வழியே எழுந்து போனாள்.

நான் ராத்தாவிடம் மன்னிப்புக் கேட்டேன். "நீங்க ஏசினதாலதான் குடுத்தேனெண்டு நினைச்சீங்களாகா? உங்கட ஏச்ச நான் எந்தக் காலத்தில காதில போட்டேன்?" என்றார். அது பொய்யா உண்மையா என்று நான் கேட்கவில்லை.

பத்தாம் நாள் இருக்கும், பின்னேரம் நாங்கள் இரண்டு பேரும் ஹோல் கதவடியில் உட்கார்ந்திருந்தோம். பூனை வெளியே போயிருந்தது. ராத்தா தொட்டியிலிருந்து சாரனை எடுத்து என்னிடம் நீட்டினார். "மோந்து பாருங்ககா." மோந்தேன். பூனை மயிர், வெயில், மண். சேறும் இல்லை, இறாலும் இல்லை, மனிதனும் இல்லை. பொய் சொல்லலாமா என்று ஒரு கணம் நினைத்தேன். அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு சொல்ல முடியவில்லை.

"பூனைட மணம்தான் ராத்தா."

"ஓம். எனக்கும் நாலாம் நாளே ஒண்டும் மணக்கல்ல" என்றார். சாரனை வாங்கி, தட்டி, திரும்பத் தொட்டிக்குள் விரித்தார்.

சீனி படலைக்குக் கீழால் நுழைந்து வந்தது. தொட்டிக்குள் ஏறி, சாரனை ஓர் ஓரத்திலிருந்து மோந்துகொண்டே போனது. இடுப்பில் சொருகும் பக்கம் வந்ததும் நின்றது. அங்கே நெடுநேரம் மோந்தது. பிறகு இரண்டு சுற்றுச் சுற்றி, மூக்கை அந்த இடத்திலேயே புதைத்துக்கொண்டு படுத்தது.

தேத்தண்ணீரோடு வந்த றிஸ்லா தொட்டியை எட்டிப் பார்த்தாள். "ஊத்தையாப் போச்சி உம்மா. அதத் தோய்ச்சுப் போடட்டா?"

"வேணாம் மகள்" என்றார் ராத்தா. "எனக்கு மணக்கல்ல, உனக்கும் மணக்கல்ல. அதுக்கு இன்னும் மணக்குது. அது எழும்பிப் போகட்டும், மறுகா தோய்ப்பம்."